தவிட்டு மூட்டை மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி

உசிலம்பட்டியில் மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில் பாண்டிமீனாவின் தவிடு, புண்ணாக்குக் கடை இருக்கிறது. கடையைவிட அவள் வாய் பெரிது. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். யாராவது அதைக் கேட்டால், "சாக்கு நைஞ்சு போனா அதையவா தடவிக்கிட்டு இருப்போம்?" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்ப்பாள். அந்த வாய் இளகிப் பேசியது ஒரே ஆளிடம், தம்பி முத்திருளனிடம்.

முத்திருளன் மாரடைப்பில் செத்தான் என்று ஊருக்குச் சொன்னார்கள். பெரியப்பா சொல்லச் சொன்னது அது. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் அவனுக்கு உண்டென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பாழடைந்த செங்கல் சூளையில் அவனைக் கண்டெடுத்தபோது தலை நனைந்திருந்தது. பக்கத்தில் பிழிந்துபோட்ட எலுமிச்சம்பழத் தோல்கள். போதை இறங்கட்டும் என்று கூட இருந்த கூட்டாளிகள் தலையில் தண்ணீர் ஊற்றி, பழத்தை வாயில் பிழிந்திருக்கிறார்கள். இறங்கவில்லை. போலீஸ் வரும் என்று அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

ஓடிய அதே ஆட்கள் மறுநாளே பஸ் ஸ்டாண்டு முக்கில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மேகம், புறா, நடுவில் முத்திருளன். கீழே கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நண்பர்கள் வரிசை. அதில் நல்லகாமன் படம் செத்தவன் படத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது. "எங்களைத் தவிக்க விட்டுப் போனாயே நண்பா" என்று எழுதியிருந்தது. போகிறவர்கள் எல்லாம் நின்று உச்சுக்கொட்டினார்கள். பெரியப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமி கும்பிடுகிற வாயால் யாரையும் ஏசக்கூடாதுதான். ஆனால் அந்த எழுத்தைப் படித்துவிட்டு ஏசாமல் இருக்கச் சாமியாலும் முடியாது.

பாண்டிமீனா அதைக் கிழிக்கவில்லை. டீக்கடையில் நின்ற நல்லகாமனிடம் போனாள்.

"ஏண்டா, யாரு யாரத் தவிக்க விட்டுட்டுப் போனது?"

"அக்கா, அது ஃப்ளெக்ஸ் கடைக்காரரு போட்ட வாசகம்க்கா."

"போட்டாவும் அவரு போட்டதுதானா? மூஞ்சி உன்னுதுல்ல?"

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டான். நகர்வதில் கெட்டிக்காரன்.

சில நாள் கழித்து மதுரையிலிருந்து தமிழ்வாணி என்கிற பெண் விசாரிக்க வந்தாள். ஊசிப் பழக்கம் உள்ளவர்களைத் தேடிப் போய், புது ஊசி கொடுத்து, சிகிச்சைக்குச் சேர்த்துவிடுகிற மையத்தில் வேலை. வீட்டார் அவளிடமும் மாரடைப்பு என்றார்கள். பாண்டிமீனாதான் கடைக்குக் கூட்டிவந்து நடந்ததைச் சொன்னாள். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்துதான் நிற்கும் என்றும், மயங்கினவன் வாயில் எதையாவது ஊற்றினால் அடைத்துக்கொள்ளும் என்றும் தமிழ்வாணி விளக்கினாள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை யாராவது ஒருத்தர் வாயில் மூச்சு ஊதிக்கொண்டிருந்தால் பிழைக்க வழி உண்டு. ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து இருக்கிறது.

"அம்புட்டுதானாம்மா?" என்றாள் பாண்டிமீனா.

"அம்புட்டுதான்க்கா. ஆள் ஓடாம இருக்கணும்."

அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டாள்.

அந்தக் கூட்டம் ஊசியை விடவில்லை. அதே சூளைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்தவன் விழுந்தாலும் ஓடத்தான் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஃப்ளெக்ஸில் இருந்த மூஞ்சிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கடைக்கு இழுத்துவந்தாள். தவிட்டு மூட்டைதான் மயங்கின ஆள்.

"தோளத் தட்டி, பேரச் சொல்லிக் கூப்பிடு. முழிக்கலையா, மொதல்ல 108. மூச்சு இல்லைன்னா தலைய நிமித்தி, மூக்கப் பொத்திக்கிட்டு வாயில ஊது. மூச்சு இருந்தா இப்பிடி ஒருக்களிச்சுப் போடு. எலுமிச்சம்பழத்த எவனாச்சும் தொட்டீங்க, கையி இருக்காது. ஒங்க மேல பாசம்னு நெனச்சிராதீங்கடா. நீங்க தவிட்டுக்கும் ஆக மாட்டீங்க. ஒங்களப் பெத்தவளுக பாவம்."

சோலையும் அழகுபாண்டியும் தலையைக் குனிந்துகொண்டே மூட்டையைப் புரட்டினார்கள். நல்லகாமன் மட்டும் மூட்டையைத் தொடவில்லை. "நாங்கள்லாம் அளவு தெரிஞ்சவய்ங்கக்கா" என்றான். ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. ஊசிக்காரன்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு இவளே மாத்திரை விற்கிறாள் என்றார்கள். சொன்னவர்கள் பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். செத்துப்போன முத்திருளன் வீட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொண்டுபோகாதவர்கள்.

சோலை திருநகரில் மாமா வீட்டில் சில வாரம் ஊசி இல்லாமல் இருந்தான். திரும்பி வந்தவன், முன்பு போடுகிற அளவையே போட்டான். இடையில் விட்டவனுக்குப் பழைய அளவே எமன் என்று தமிழ்வாணி சொல்லித்தான் இருந்தாள். பட்டப்பகலில் சூளையில் சாய்ந்தான். உதடு நாவல்பழம் மாதிரி கறுத்துவிட்டது.

நல்லகாமன் ஓடினான். அழகுபாண்டி ஓடவில்லை. 108-க்குச் சொல்லிவிட்டு, பாண்டிமீனாவையும் கூப்பிட்டான். அவள் மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது அவன் அழுதுகொண்டே சோலை வாயில் ஊதிக்கொண்டிருந்தான்.

"அழுதா காத்து எங்கிட்டுடா போகும்? தள்ளு!"

இருவரும் மாற்றி மாற்றி ஊதினார்கள். நெஞ்சு ஏறி இறங்கியது. வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் மாற்று மருந்தை ஊசியில் போட்டதும் சோலை கண்ணைத் திறந்து, யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினான். பிழைத்துவிட்டான் என்று அதிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு முக்கில் ஃப்ளெக்ஸ். மேகம், அதே புறா, நடுவில் சோலை. கீழே நல்லகாமன், புதுக் கூலிங்கிளாஸ். சோலையின் அம்மா ராமக்காள் ஆஸ்பத்திரியில் மகனுக்கு இட்லி ஊட்டிவிட்டுப் பஸ்ஸில் வந்தவள், அதைப் பார்த்ததும் ஒப்பாரி வைத்துவிட்டாள். "இப்பத்தானே தின்னான்! இப்பத்தானே தின்னான்!" என்று அவள் அலறியதை நிறுத்தக் கண்டக்டர் இறங்கவேண்டியதாயிற்று.

பாண்டிமீனா ஃப்ளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நல்லகாமன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அவன் போயிட்டான்னு நெனச்சேன்க்கா. கடைசி மரியாதை..."

"ஆம்புலன்சுக்கு அடிக்காத போன்ல ஃப்ளெக்ஸ் கடைக்கு அடிச்சிருக்க. போட்டாவுக்குத் தல சீவுனியா, இல்ல ஓடுறப்பவே சீவிக்கிட்டயா?"



சோலை இப்போது தினமும் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி ஆசையை அடக்க நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையை வாங்கிக்கொண்டு வருகிறான். வந்ததும் பாண்டிமீனா கடையில் மூட்டை இறக்குகிறான். மழை கட்டினால் மூட்டைகளை மூடுவது அந்த ஃப்ளெக்ஸைக் கொண்டுதான். படம் மேலே தெரிகிற மாதிரி விரிக்கவேண்டும் என்பது அவள் உத்தரவு. தன் கண்ணீர் அஞ்சலியைத் தானே இழுத்துக் கட்டுகிறான்.

போன வாரம் தூறல் விழுந்துகொண்டிருக்கும்போது நல்லகாமன் அதே கூலிங்கிளாஸோடு கடை ஓரத்தில் வந்து நின்றான். தவிட்டின் மேல் கிடந்த தன் மூஞ்சியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"என்ன, எவனுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கணும்?" என்றாள்.

"இல்லக்கா. அந்த மூட்டையத் திருப்புறது... எனக்கும் ஒருக்கா காட்டு."

பாண்டிமீனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஈரத்தில் வந்த நாயைப் பார்க்கிற பார்வை.

"வா. மொதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டு. மூச்சு இருக்கா இல்லையான்னு பாக்கணும்ல" என்று சொல்லி, ஒரு மூட்டையைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.