கறிப் பானையில் காய்ச்சிய பால்

ரீவா ஸெல்னிக் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், எவ்வளவு பசி இருந்தாலும் முதலில் பானையின் கதையைக் கேட்டாக வேண்டும். இது கறிப் பானை, கறியைத் தவிர வேறெதுவும் இதில் வெந்ததில்லை என்பாள். ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த என்னிடமும் அதையேதான் சொன்னாள். "சாட்சிக் கையெழுத்து போடணுமா?" என்று அவள் கணவன் கிண்டல் செய்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் படித்தது அயோவாவில், சோள வயல்களுக்கு நடுவே இருந்த சின்னக் கல்லூரி. யூத மாணவர்கள் அத்தனை பேரையும் இரண்டு வேனில் ஏற்றிவிடலாம். எங்களுக்கென்று ஒரு பழைய மரவீடு. மாடியில் எனக்கும் ரீவாவுக்கும் ஒரே அறை. கீழே சமையலறை, கறிப் பாத்திரங்களுக்குச் சிவப்பு நாடா, பால் பாத்திரங்களுக்கு நீல நாடா. யூத உணவுச் சட்டப்படி கறியும் பாலும் கலக்கவே கூடாது, ஒரே பாத்திரத்தில் சமைக்கவும் கூடாது. ரீவாதான் பொறுப்பு. ஒமாஹாவில் சீஸ் பர்கர் தின்று வளர்ந்தவள், கல்லூரிக்கு வந்துதான் சட்டமெல்லாம் கற்றாள். அதனால் கண்டிப்பு அதிகம். ஒரு கரண்டி இடம் மாறினாலும் வீடே வசவு கேட்கும்.

அந்த வருடம் புரூக்ளினிலிருந்து நஃப்தலி கெஸ்லர் வந்து சேர்ந்தான். ஆசாரமான வீட்டுப் பிள்ளை. கல்லூரி உணவகத்தில் ஆப்பிளைத் தவிர எதையும் தொடமாட்டான். அவன் வாரம் முழுக்கக் காத்திருந்தது எங்கள் வீட்டு சனிக்கிழமை மதியத்துக்கு. சனிக்கிழமை ஓய்வுநாள், அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ரீவா சோலண்ட் என்ற கறிக் குழம்பை ஏற்றிவிடுவாள். மாட்டுக்கறி, பீன்ஸ், பார்லி எல்லாம் மறுநாள் வரை இளஞ்சூட்டில் வெந்துகொண்டே இருக்கும்.

நவம்பரில் வீட்டில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், எனக்கும்தான். பால் சூப் வைக்கப் போனால், பால் பாத்திரங்களை நாடகக் குழுவினர் படைவீரர்களுக்குத் தலைக்கவசம் என்று மொத்தமாகத் தூக்கிப் போயிருந்தார்கள். ரீவா சிவப்பு நாடா ஒட்டிய பானையில் பாலை ஊற்றினாள். தெரிந்தேதான். பிறகு தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நஃப்தலி மூன்று தட்டு சாப்பிட்டான்.

"எங்கம்மா சோலண்ட்டே இதுக்கு அப்புறந்தான், ரீவா. அவங்ககிட்ட போட்டுக் கொடுத்துடாத." பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "நியூயார்க் காலேஜுக்கே மாறிடலாம்னு இருந்தேன். வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். இங்க நம்பிச் சாப்பிட ஒரு பானை இருக்கு."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றாள் ரீவா.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் என்னிடம் சொன்னாள்.

"சொன்னா போயிடுவான்டி."

"சொல்லாட்டி?"

"என்னை நம்பிக்கிட்டே இருப்பான். அதுதான் தாங்கல."

"வெறும் சூப்புடி அது."

"நாலு கிண்ணம் குடிச்சவ நீ. நீ பேசாத."

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அவள் பரிமாறினாள், தான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்பாள். கல்லூரி மாறுவதற்கான கெடு நெருங்கியது. அது தாண்டிய பிறகு சொன்னால் அவனைக் கட்டிப்போட்டுவிட்டுச் சொன்னதாகும். கெடுவுக்கு முந்தைய திங்கட்கிழமை, அவன் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"நஃப்தலி, அந்தப் பானையில நான் பால் காய்ச்சினேன். தெரிஞ்சேதான்."

அவன் துணியைக் கீழே வைத்தான். தன் ஊர் ரப்பிக்கு, அவர்கள் மதகுருவுக்கு, போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தான். கிழவர் நிதானமாகக் கேட்டார்: "பாலுக்கும் கறிக்கும் நடுவுல ஒரு முழு நாள் போச்சாம்மா?"

"புதன்கிழமை பால். வெள்ளிக்கிழமை கறி."

"அப்போ சாப்பிட்டது பரவாயில்ல. உள்ள ஊறின பால் ருசி கெட்டுப்போயிருக்கும், கெட்டுப்போன ருசிக்குத் தடை இல்ல. பானையை மட்டும் கொதிக்கவெச்சு சுத்தம் பண்ணிடுங்க. டேய் நஃப்தலி, ஒழுங்கா சாப்பிடறியா? உங்கம்மா என் உயிரை எடுக்கறாங்க."

ரீவா மூச்சு விட்டாள். நஃப்தலி போனை அணைத்தான்.

"சோலண்ட்டுக்கு மன்னிப்பு கிடைச்சாச்சு. அதுக்கப்புறமும் ஒவ்வொரு வாரமும் என் மூஞ்சியைப் பார்த்துப் பரிமாறினியே, அதுக்கு ரப்பிகிட்ட என்ன கேக்கறது?"

அவன் வைத்த துணியை எடுத்து மீதிப் பாத்திரங்களை ரீவா துடைத்தாள்.

ஒரு நாள் விட்டு, பின்கட்டில் பனிக்கு நடுவே பானையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்தார்கள். விளிம்பும் சுத்தமாக வேண்டும் என்று பழுக்கக் காய்ச்சிய கல்லை நஃப்தலி இடுக்கியால் உள்ளே போட்டான். தண்ணீர் பொங்கி நாலாபக்கமும் வழிந்தது. புதுச் சிவப்பு நாடாவை அவனே ஒட்டினான்.

கெடு தாண்டியது. அவன் போகவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சீக்கிரமே வந்து, கறி போடுமுன் பானைக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்ததற்காக அவனே வெட்கப்பட்டு, உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டான். அடுத்த வாரம் அவன் எட்டிப் பார்ப்பதற்குள் ரீவாவே பானையை அவன் பக்கம் சாய்த்துக் காட்டினாள். அதன்பின் எல்லா வாரமும். போதும் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை.

இப்போது என் முன்னால் தன் வீட்டுப் பானையை அதேபோல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இந்தக் கதை தெரியாத கணவன் இன்னும் சிரிக்கிறான்.

"பார்த்துட்டேன், ரீவா," என்றேன். "போடு."