தகரப் பெட்டியில் என் சான்றிதழ்கள்

அந்தமானில் ஒரு தனியார் கம்பெனியில் படகுகளின் வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். ஊரில், திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு டிரான்ஸ்பார்மர் பட்டறைக்கு மனுப் போட்டிருந்தேன். பதில் வந்தது: திங்கட்கிழமை காலை பத்து மணி, அசல் சான்றிதழ்களுடன் வரவும், நகல் ஏற்கப்படாது.

கொண்டுபோக வேண்டியவற்றைப் பதினேழு வரிகளாக எழுதினேன். பதினாறுக்கு டிக் போட்டாயிற்று. மீதி ஒன்று அந்த அசல். வேலையில் சேர்ந்த அன்றே கம்பெனி அதை வாங்கி ஸ்டோர் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது. ஸ்டோர் கீப்பர் முக்கூடல்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. விடுப்பில் அவரும் நான் ஊர் திரும்பிய அதே கப்பலில் வந்தார். என்னைக் கூட்டிவரச் சொல்லி அப்பா அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

"சர்ட்டிபிகேட்டு என் பெட்டியில இருக்கு யம்மா. ஊருல வச்சுத் தாரேன்" என்றார் அண்ணாச்சி.

ஏன் ஊரில்? இன்னும் ஆறு மாதம் இருக்கும்படி மேனேஜர் என்னிடம் மூன்று முறை கேட்டிருந்தார். துறைமுகத்தில் அண்ணாச்சியைத் தனியே அழைத்து ஏதோ சொன்னார். அண்ணாச்சி தலையாட்டினார். அசலை மறந்து வைத்துவிட்டோம் என்று திருநெல்வேலியில் கையை விரித்தால், அடுத்த கப்பலில் நான் திரும்பித்தான் ஆக வேண்டும்.

கப்பல் நகர்ந்தபோது எல்லோரும் விலகிப்போகும் தீவைப் பார்த்தார்கள். நான் அவருடைய தகரப் பெட்டியைப் பார்த்தேன்.

மூன்று நாளும் நோட்டில் குறித்தேன். பெட்டியை விட்டு அவர் சாப்பிடப் போவதில்லை. சாவி அரைஞாணில். நான் பக்கத்தில் போனால் பேச்சு மழையைப் பற்றித் திரும்புகிறது.

"ஒரு தடவ காட்டுங்களேன், அண்ணாச்சி."

"காத்து என்னமா அடிக்கு பாத்தியா? தாளு பறந்துட்டுன்னா கடல்ல குதிக்க எனக்கு நீச்சல் தெரியாது."

ஆற்றங்கரை முக்கூடலில் பிறந்த மனிதருக்கு நீச்சல் தெரியாதாம். அதையும் குறித்துக்கொண்டேன்.

சென்னையில் இறங்கி மாலை ரயிலில் ஏறினோம். மறுநாள் காலை மணியாச்சி தாண்டியதும் எழுந்து அவர் முன்னால் நின்றேன். "ஸ்டேஷன்ல இறங்கினா நீங்க முக்கூடல் பஸ்ஸைப் பிடிச்சிருவீங்க. இப்பவே தாங்க."

"உங்கப்பா வருவாருல்லா, அவரு கையில தாரேன்."

"படிச்சது நான்தானே?"

எதிர் சீட்டு அம்மாள் முறுக்கை மென்றபடி, "குடுத்துருங்க அண்ணாச்சி. கோவில்பட்டியில இருந்து அந்தப் பிள்ள பெட்டியவே பாத்துக்கிட்டு வருது. பெட்டி கூச்சப்படுதுல்லா!" என்றார்.

பெட்டி திறந்தது. வேட்டிகளுக்கு அடியில், துண்டில் சுற்றி, பளபளவென்று ஒரே அட்டை. டிப்ளமாவையும் மதிப்பெண் பட்டியலையும் முதுகோடு முதுகு சேர்த்து ஒரே உறையில் லேமினேஷன் செய்திருந்தார். ஸ்டோரில் எதையும் வீணாக்காதவர். இரண்டு தாளுக்கு ஓர் உறை.

"பீரோவுல ஈரம் ஏறிட்டு யம்மா. பயந்து போயிட்டேன். இனி ஆத்துல முக்கி எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது."

"மேனேஜர் தனியா என்ன சொன்னார்?"

"பனங்கற்கண்டு கேட்டாரு. வேற என்ன?"

சான்றிதழின் பதிவு எண்ணும் முத்திரையும் பின்பக்கத்தில் இருந்தன. அவை இப்போது உள்ளே. மதிப்பெண் பட்டியலின் மூலையில் பழுப்பாக ஒரு கறை. ஈரம் அப்படி வட்டமாக ஏறாது. அது டீ கிளாஸின் அடிப்பாகம். அண்ணாச்சி ஜன்னல் வழியாகக் கங்கைகொண்டான் வயல்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை, பட்டறை அதிகாரி அட்டையை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"இது அசலா? பின்பக்க முத்திரையை எப்படிப் பாக்க?"

அவர் மேசையில் ஒயரோடு கிடந்த டெஸ்ட் லாம்ப்பை எரியவிட்டு அட்டைக்குப் பின்னால் பிடித்தேன். இரண்டு தாள்களின் எழுத்தும் கலங்கித் தெரிந்தது; நடுவே முத்திரை, இடம் வலம் மாறிப் பதிவு எண். நான் மனப்பாடமாகச் சொல்ல, அவர் ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்து ஒப்பிட்டார். சரியாக இருந்தது. விரல் அப்படியே மூலைக்கு நகர்ந்தது.

"இது என்னது, டீயா?"

"தீவுல ஈரம் அதிகம் சார்" என்றேன்.

மூன்று நாள் நான் அந்தப் பெட்டியைப் பார்த்த மாதிரியே அவர் என்னைப் பார்த்தார். பிறகு பட்டறை ஆட்களின் வருகைப் பதிவேட்டைக் கையெழுத்துக்காக என் பக்கம் தள்ளினார்.