எண்பத்து மூன்று பேருக்கு ஒரே நம்பர்

கோவில் வாசலில் செருப்புகள் கிடக்கும் பக்கமாகத்தான் ஐலீன் தன் மடக்கு மேசையை விரிப்பாள். மண்டபத்துக்குள் நிழல் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, உள்ளே வரச் சொல்லியும் பார்த்துவிட்டார்கள். அசையமாட்டாள். "உள்ள ஒக்காந்தா சாப்ட்டுட்டு அப்படியே பின்பக்கமா போயிருவாங்க. செருப்பு எடுக்க இங்கதான வரணும்?" என்பாள். மலேசியாவில் காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, சோறும் முடிந்து, ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு மறுகாலால் அடுத்ததைத் துழாவுகிற நேரம் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். "அக்கா, ஐசி கையில இருக்கா? ஒரே நிமிஷம்." ஒற்றைச் செருப்போடு நிற்கிறவர் எங்கே ஓடுவது?

அந்த ஒரு நிமிடம் அரை மணி நேரமாகும். அரசாங்கத்தின் இலவச மருத்துவத் திட்டத்தில் பெயர் பதிந்து கொடுப்பதுதான் அவள் வேலை. வருமானம் குறைந்தவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் சேரலாம். காசில்லாமல் உடம்பைச் சோதிப்பார்கள். ஏதாவது தெரியவந்தால் சிகிச்சைக்கும் கைகொடுப்பார்கள். சேர்வதற்கு ஒரு படிவம், ஐசி என்கிற அடையாள அட்டை, ஒரு கைப்பேசி எண். இவ்வளவுதான். இந்த இவ்வளவுதானைத் தாண்ட முடியாமல் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வயது நாற்பத்தொன்பது. ஜொகூர் பாரு பக்கத்தில் தம்போயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். வாரத்தில் ஆறு நாள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடைக்குள் இருப்பாள். கண் மட்டும்தான் வெளியே தெரியும். ஆறு நாள் அடக்கிவைத்த பேச்செல்லாம் ஏழாம் நாள் தோட்டத்தில் கொட்டும். சனிக்கிழமை சாயங்காலமே மாதா கோயிலில் பூசை பார்த்துவிடுவாள். ஞாயிறு விடியும்போது, குளிர்சாதனம் செத்துப்போன பழைய காரில் கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளின் பின்னால் இரண்டு மணி நேரம் ஊர்ந்து வருவாள். கணவன் கில்பர்ட்டுக்கு சிங்கப்பூரில் வேலை, வீட்டிலிருந்து போய்வருகிறான். ஞாயிறன்று அவன் எழுந்திருப்பதே மதியத்தில்தான். எதற்காக இந்த அலைச்சல் என்று கேட்டால் அவளிடமிருந்து உருப்படியான பதில் வராது. "வீட்ல என்னா இருக்கு? துணி இருக்கு, மடிக்கணும். அதுக்கு இது பரவால்ல" என்பாள்.

வந்த புதிதில் கோவில் தலைவர் காளியப்பன் அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "எங்காளுங்கள மதம் மாத்த வந்திருக்கீங்களா?"

"அண்ணே, என் புருஷன ஒழுங்கா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகவே என்னால முடியல. உங்கள எங்க நான் மாத்தறது?"

காளியப்பன் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் மேசைக்கு ஒரு நாற்காலியும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் மற்றவர்களிடம் அவ்வளவு லேசில் காரியம் ஆகவில்லை. இன்சூரன்ஸ் என்று வந்து கையெழுத்து வாங்கிப்போன ஆட்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். "வேணாம் லா, போன தடவ ஒரு ஆளு டை கட்டிட்டு வந்தான், அப்புறம் ஆளையே காணோம்" என்று நழுவுவார்கள். ஐலீன் விடமாட்டாள். "நான் டையா கட்டியிருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டே அடையாள அட்டையை வாங்கிவிடுவாள். படிவம் எழுதுகிறவள் என்றால் மருத்துவமனைக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று தோட்டத்தில் முடிவுகட்டி, தாதியரைக் கூப்பிடுவதுபோல அவளை மிஸ்ஸி என்றே கூப்பிட்டார்கள். "நான் மிஸ்ஸி இல்லங்க, ஃபேக்டரில வேல செய்றேன்" என்று ஒரு வருடம் சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள்.

எல்லாம் சரியாக நடந்து கடைசியில் வந்து முட்டுவது கைப்பேசி எண்ணில்தான். தோட்டத்தில் பாதிப் பேருக்குக் கைப்பேசியே கிடையாது. இருக்கிறவர்களும் மலிவாக ஒரு புது சிம் வந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மார்ச்சில் கொடுத்த எண் மே மாதம் உயிரோடு இருக்காது. கடிதம் போகட்டும் என்றால், அடையாள அட்டையில் இருக்கிற முகவரி எப்போதோ இடித்துத் தள்ளிய லயத்து வரிசை வீடு. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் போகாது. ஐலீன் ஒரு நாள் பொறுமையிழந்து தன் எண்ணையே எழுதினாள். "எனக்கு வரட்டும், நான் சொல்லி அனுப்புறேன்." நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஒருவருக்கு எழுதியது பத்தாகி, எண்பத்து மூன்று ஆனது.

எண்பத்து மூன்று பேருக்கு வருகிற செய்தியெல்லாம் அவள் கைப்பேசிக்கு வந்தது. செய்தியில் பெயர் இருக்காது. அடையாள அட்டையின் கடைசி நான்கு எண்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்று சட்டைப்பைக்குள் அடங்குகிற 555 குறிப்புப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருந்தாள். தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் பூட்டிவிட வேண்டும். தேநீர் இடைவேளை பத்து நிமிடம். அதில் தலைமூடியைக் கழற்றி, லாக்கர் திறந்து, செய்தி பார்த்து, புத்தகத்தைப் புரட்டி, தோட்டத்து மளிகைக் கடைக்கார செல்வாவுக்குப் போன் போட்டு, "இன்னாருக்கு இன்ன தேதி கிளினிக்" என்று சொல்லிவிட்டு, மறுபடி தலைமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுவாள். தேநீர் குடித்தாளா என்று கேட்க ஆளில்லை.

மலர் அந்த எண்பத்து மூன்றில் ஒருத்தி. ஐம்பத்து மூன்று வயது, ஐலீனுக்கு மலர்க்கா. கணவன் இறந்துவிட்டான். மகன் ஜீவன் சிங்கப்பூரில் ஏதோ கிடங்கில் வேலை செய்கிறான். மலர் கொன்ட்ராக்டரிடம் கூலிக்குச் செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஐலீன் கூப்பிடாமலே மேசைக்கு வந்து, இரண்டு செருப்பையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, "எனக்கும் எழுதுங்க மிஸ்ஸி" என்று உட்கார்ந்த ஒரே ஆள் அவள்தான். சோதனைக்கு குளுவாங்கில் இருக்கிற கிளினிக்குக்கு ஐலீனே காரில் கூட்டிப்போனாள்.

அதன் முடிவு வந்த வாரம் தொழிற்சாலையில் ஓவர்டைம். சோதனைக்குப் போய்வந்தவர்களுக்கு வருகிற செய்தி மலாயில் ஒரே மாதிரி தொடங்கும்: வணக்கம், வந்ததற்கு நன்றி, உங்கள் சோதனை முடிந்தது. அதற்குமேல் அநேகமாக ஒன்றும் இருக்காது. அப்படி நாற்பது செய்தி படித்தவளுக்கு நாற்பத்தோராவதை முழுக்கத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. லாக்கர் முன்னால் நின்றுகொண்டு மேல்வரிகளை மட்டும் பார்த்தாள். புத்தகத்தில் எண்ணைப் பார்த்தாள். செல்வாவைக் கூப்பிட்டாள். "மலர்க்காகிட்ட சொல்லிருங்க, செக்கப் முடிஞ்சிருச்சு, ஒன்னும் இல்லன்னு."

ஒன்றும் இல்லை என்று அந்தச் செய்தியில் எங்குமே எழுதியிருக்கவில்லை. அது ஐலீன் தன் வாயால் சேர்த்துச் சொன்னது.

நான்கு மாதம் கழித்து, வேறு யாருக்கோ கிளினிக் தேதி தேடிப் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டு போனபோது விரல் பட்டு அது திறந்துகொண்டது. நன்றிக்கும் வணக்கத்துக்கும் கீழே இன்னும் மூன்று வரி இருந்தது. மார்பில் மேல்பரிசோதனை தேவைப்படுகிறது, இரண்டு வாரத்துக்குள் வரவும். அவள் படித்தாள். புத்தகத்தை எடுத்து எண்ணைப் பார்த்தாள். மலரின் எண். அன்றைக்கு மேலாளரிடம் என்ன காரணம் சொல்லி விடுப்பு வாங்கினாள் என்பது இன்றுவரை அவளுக்கு நினைவில்லை.

மலர் செம்பனை மரத்தடியில் குந்தியிருந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஐலீன் சுற்றி வளைக்கவில்லை, பழியை யார் மீதும் போடவில்லை. "அக்கா, நான் சரியா படிக்கல. என் தப்பு" என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மலர் கையிலிருந்த பழத்தைச் சாக்கில் போட்டாள்.

"கட்டி இருக்குன்னு எனக்குத் தெரியும் மிஸ்ஸி. குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. வலிக்கவும் செஞ்சிச்சு. நீங்கதான் ஒன்னும் இல்லன்னு சொல்லிவிட்டீங்களே, சரி வேற என்னமோன்னு விட்டுட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். திட்டியிருந்தால், சாக்கைத் தூக்கி எறிந்திருந்தால் ஐலீன் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மலர் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த மூட்டைய மட்டும் கட்டிட்டு வந்துர்றேன், இருங்க" என்றாள்.

முன்பே வந்திருந்தால் சின்ன அறுவையோடு போயிருக்கும் என்றார் மருத்துவர். இப்போது அக்குள்வரை பரவியிருக்கிறது. மார்பை எடுத்தாக வேண்டும். அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு ஐலீன் அதே செருப்புப் பக்கத்தில் நின்று, கோவிலுக்கு வந்த எல்லாருக்கும் கேட்கும்படி தான் செய்ததைச் சொன்னாள். "நீங்களும் இல்லன்னா இங்க யாரு வர்றா? வுடுங்க" என்று காளியப்பன் சமாதானம் சொன்னார். அவளுக்கு அது சமாதானமாக இல்லை. வீட்டுக்குப் போய் எண்பத்து மூன்று பேருக்கும் வந்த அத்தனை செய்தியையும் முதலிலிருந்து படித்தாள். ஒரு வாரம் பிடித்தது. வேறு எதிலும் பிசகில்லை. மலர் ஒருத்தியிடம் மட்டும்தான் பிசகியிருக்கிறது. தொழிற்சாலையில் லைன் லீடர் வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பெட்டி அடுக்குகிற ஸ்டோருக்கு மாற்றிக்கொண்டு போனாள். அங்கே கைப்பேசியைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். "இவ்ளோ வருஷம் கழிச்சு பெட்டி தூக்கப் போறியா, பைத்தியமா ஒனக்கு?" என்று கில்பர்ட் கேட்டான்.

புதிதாக யாருக்கும் தன் எண்ணை எழுதக் கூடாது என்றும் முடிவு செய்தாள். சொந்தமாக ஓர் எண் கொண்டுவாருங்கள் என்று சொல்லி இதுவரை பதினொரு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. எழுதினாலும் தப்பாகிறது, எழுதாவிட்டாலும் தப்பாகிறது. இப்போதெல்லாம் மேசையில் அவளுடைய பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஜொகூர் பாருவில் மலருக்கு அறுவை சிகிச்சை. தள்ளுகட்டில் வந்து நின்றது. மலாய்த் தாதி ஒருத்தி அட்டையில் செருகிய படிவத்தோடு வந்து, வாரிஸ் யார் என்று கேட்டாள். ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டிய நெருங்கிய சொந்தம் யார், அவருடைய எண் என்ன?

மலர் படுத்திருந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு மலாயில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லத் தொடங்கினாள். "கோசோங், சத்து, துஜோ..." பாதி போவதற்குள் அது தன்னுடைய எண் என்று ஐலீனுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அது வேணாம். ஜீவன் நம்பர் குடுங்க."

"அவன் நம்பர் எது நிக்கிது? அப்படியே நின்னாலும் எடுக்கமாட்டான்." மலர் தலையைத் திருப்பினாள். "இது மட்டுந்தான் எனக்கு மனப்பாடமா தெரியும். செல்வா கடையில கேட்டுக் கேட்டுப் படிச்சது. நீங்க எடுப்பீங்க, மிஸ்ஸி."

மீதி எண்களையும் சொல்லி முடித்தாள். தாதி எழுதிக்கொண்டு, மலரின் கைநாட்டை வாங்கினாள். பிறகு படிவத்தை ஐலீனிடம் நீட்டி, கீழே சாட்சிக் கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனாவால் சுட்டிக் காட்டினாள்.

ஐலீன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். படிவத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள். "சைன் போட்டா போதும், கக்கா" என்று அக்கா முறை வைத்துத் தாதி மலாயில் சொன்னாள். கட்டிலைத் தள்ள வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐலீன் நிமிரவில்லை. உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்து, கையெழுத்துப் போடும் இடத்தையும் தாண்டி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் விரலை வைத்தாள்.