வெள்ளைத்துரை எத்தனை வாட்ஸ்

மேலூர் நல்லகாமனுக்கு வாட்ஸ் கணக்கில் நம்பிக்கை கிடையாது. அவருடையது ஊர்க் கணக்கு. ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டினால் ஓர் ஊருக்குக் கேட்கும். இரண்டு கட்டினால் கண்மாய் தாண்டி அடுத்த ஊருக்கும் கேட்கும். நான்கு கட்டினால் மூன்றாவது ஊரிலிருந்து யாராவது சண்டைக்கு வருவார்கள்.

காதுகுத்து வீட்டார் மைக் செட் பேச வந்தால் அவர் எடுத்தவுடன் கேட்பது இதைத்தான்: "கோவிச்சுக்கிட்டு வராம இருக்கிற பங்காளி எந்த ஊரு?"

எல்லா விசேஷத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் வீட்டு வாசல் வரைக்கும் பாட்டுப் போக வேண்டும். அதற்குத் தக்கபடி குழாய். கட்டி முடித்ததும் பாட்டை ஓடவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்த ஊர்ப் பக்கம் போவார். வண்டியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவார். சத்தம் கேட்டால் மட்டும் போதாது, சொல் புரிய வேண்டும். புரியவில்லையென்றால் திரும்பி வந்து மரத்தில் ஏறி, குழாயை ஒரு விரற்கடை திருப்பி வைத்துவிட்டு மறுபடியும் போவார். ஒரு காதுகுத்துக்கு ஏழு தடவை போய்வந்திருக்கிறார். ஏழாவது தடவை அந்தப் பங்காளியே வெளியே வந்து, "வந்துர்றேன்யா, ஆளை விடு" என்று கிளம்பிவிட்டார்.

இருபத்திரண்டு வருடத் தொழில். கெட்டுப்போன ஆம்ப்ளிபயர்களைப் பிரித்து, மூன்று முறை ஷாக் வாங்கிக் கற்றுக்கொண்டது. ஆனால் இத்தனை வருடத்தில் அவர் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் ஆம்ப் பெட்டியின் முதுகுதான். அதுவும் திருட்டுப் போகாமல் இருப்பதற்காக.

அருண்பாண்டி பாட்டுக் குழு ஆரம்பித்த பிறகுதான் அது மாறியது. அருண்பாண்டி கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு. டிரம்ஸ் வெள்ளைத்துரை, வாரம் முழுக்கக் கல்குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவன். பாடுவது சரண்யாதேவி, தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். குழுவின் ஃப்ளெக்ஸில் இந்த மூவருக்கும் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட நல்லகாமன் படம். பக்கத்தில் 'சவுண்ட் இன்ஜினியர்'. அந்த ஃப்ளெக்ஸின் ஒரு பிரதியை அவர் வீட்டு நடுச்சுவரில் கட்டியிருக்கிறார். அதை மறைக்கிறது என்று பீரோவை அடுப்படிக்கு மாற்றியவர்.

ஒத்திகை கோரிப்பாளையத்தில், சிக்கந்தர் பாயின் பிளாஸ்டிக் கடைக்கு மேல்மாடி அறையில். பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி. திருவாதவூர்த் திருவிழாக் கச்சேரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சரண்யாதேவி பாதிப் பாட்டில் மைக்கைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நான் பாடுறது எனக்கே கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சே" என்றான் வெள்ளைத்துரை.

"உனக்கு என்னடா கேட்டுச்சு?"

"டம் டம்னு."

சரண்யாதேவி நல்லகாமனைப் பார்த்தாள். "அஞ்சு நாளு நாப்பத்தெட்டுப் புள்ளைககிட்டக் கத்துறேன். ஞாயித்துக்கெழமையும் கத்தினா தொண்டை கிழிஞ்சிரும். திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள என் குரல் என் காதுக்குக் கேக்கலன்னா, நான் வேற குழுவுக்குப் போயிருவேன். சொல்லிட்டேன்."

அவள் போனால் குழு இல்லை. குழு இல்லையென்றால் ஃப்ளெக்ஸ் இல்லை. நல்லகாமன் தரையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தார். அறுபது வாட்ஸ். "பவரு பத்தல தாயி. அடுத்த வாரம் பாரு" என்றார்.

அடுத்த வாரம் இருநூற்றைம்பது வாட்ஸ் ஆம்ப்பும் இரண்டு குழாய்களும் வந்தன. அவர் கை பழக்கப்பட்ட கை. குழாயைப் பார்த்ததும் ஜன்னல் கம்பியைத் தேடிப் போய், வாய் வெளியே பார்க்க இறுக்கிக் கட்டிவிட்டது. கட்டியவர் பாட்டை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பெட்ரோல் பங்க் வரைக்கும் நடந்தார். சொல் சுத்தமாகப் புரிந்தது. கண்களை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் ரசித்தார். சிக்னலில் நின்ற பஸ்ஸின் டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். டீக்கடைக்காரர் மாடிக்கு ஏறி வந்து ஒரு பழைய பாட்டைக் கேட்டு வாங்கிப் போனார்.

நல்லகாமன் பெருமையோடு திரும்பி வந்தபோது சரண்யாதேவி கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.

"எப்படி தாயி?"

"கோரிப்பாளையத்துக்கே கேக்குதாம்ணே. எனக்குத்தான் கேக்கல."

"இது ரூமுக்குள்ள திரும்பி இருக்கணும்ணே" என்றான் அருண்பாண்டி மெதுவாக.

"உள்ள யாரு இருக்கா கேக்குறதுக்கு?" என்று கேட்டுவிட்டார் நல்லகாமன். அதன் பிறகுதான், பாடுகிறவள் உள்ளேதான் நிற்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் பாடுகிறவர் நிற்கும் இடத்தில் நின்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவருடைய இடம் எப்போதும் அடுத்த ஊர்.

மூன்றாம் ஞாயிறு ஆயிரம் வாட்ஸ். ஆளுயரப் பெட்டிகள் இரண்டு. இந்த முறை உள்ளே பார்த்துத்தான் வைத்தார், பாடுகிறவளின் முதுகுக்குப் பின்னால் வரிசையாக. ஆம்ப்பின் சத்தக் குமிழைத் திருப்பினார். சரண்யாதேவி வாயைத் திறப்பதற்குள் மைக் ஊளையிட்டது. மைக்குக்குள் போன சத்தம் பெட்டி வழியாக வந்து, திரும்ப மைக்குக்குள் புகுந்து, இன்னும் பெரிதாகி வந்தது. சுவரிலிருந்து இரண்டு பல்லிகள் விழுந்தன. ஒன்று கீபோர்டின் மேல் விழுந்து ஒரு கட்டையை அழுத்தியது. அன்றைக்குச் சுருதி சேர்ந்தது அது ஒன்றுதான்.

கீழேயிருந்து சிக்கந்தர் பாய் வந்தார். "நல்லகாமண்ணே, ரெண்டு வாளி ஸ்டாண்டுல இருந்து தானா எறங்கி ரோட்டுக்குப் போயிருச்சு. ஒண்ணை ஆட்டோக்காரரு திருப்பிக் குடுத்துட்டாரு."

ஊளை நிற்கும் வரை நல்லகாமன் குமிழைக் குறைத்துக்கொண்டே வந்தார். நின்ற இடத்தில் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். முதல் வாரத்து அறுபது வாட்ஸ் கொடுத்த சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. ஆயிரம் வாட்ஸைப் படியேற்ற நான்கு பேருக்கு மூச்சு வாங்கியிருந்தது.

"அடுத்த வாரம் கடைசி வாரம்ணே" என்று சொல்லிவிட்டுச் சரண்யாதேவி செருப்பை மாட்டினாள்.

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில், பீரோவுக்கும் கதவுக்கும் நடுவே நின்றார். மனைவி முனீஸ்வரி மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாயிரம் வாட்ஸ் எடுக்கப் போறேன்!"

"என்ன?"

"ரெண்டாயிரம் வாட்ஸ்!"

"எந்த மாட்ட?"

அவர் கைகளை வாயருகே குவித்து அடிவயிற்றிலிருந்து கத்தினார். முனீஸ்வரி மிக்ஸியை நிறுத்தினாள்.

"எதுக்கு இந்தக் கத்து கத்துறீக? இப்பச் சொல்லுங்க."

நல்லகாமன் மிக்ஸியைப் பார்த்தார். முனீஸ்வரியைப் பார்த்தார். அப்புறம், "ஒண்ணுமில்ல, நீ அரை" என்றார். அவள் போட்டாள். "நிறுத்து" என்றார். நிறுத்தினாள். "இன்னொருக்கா போடு."

"மருந்து மாத்திரை எதுவும் மாத்திச் சாப்பிட்டீகளா?"

கடைசி ஞாயிறு அவர் ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்தார். வெள்ளைத்துரையை மட்டும் வாசிக்கச் சொன்னார், மைக் கிடையாது, கரண்ட் கிடையாது. இறங்கி நடந்தார். பெட்ரோல் பங்க்கில் நின்று காதைத் தீட்டினார். இரண்டாம் வாரம் குழாய்ச் சத்தம் எங்கே நன்றாகக் கேட்டதோ, அங்கேயே டம் டம் நன்றாகக் கேட்டது. திரும்பி வந்து எல்லோர் முன்பும் அறிவித்தார்.

"வெள்ளைத்துரை இருநூத்தம்பது வாட்ஸ். கரண்டே இல்லாம."

வெள்ளைத்துரை பூரித்துப்போனான். "சும்மா தட்டினதுக்கே இம்புட்டாண்ணே? முழுசா அடிச்சா?"

"அடிக்கக் கூடாதுடா மாப்ள. நாம எத்தன வாட்ஸ் கொண்டாந்தாலும், மைக்கு ஊளை விடாம குடுக்குறது கொஞ்சந்தான். அதுக்குக் கீழ நீ எறங்கணும்." பையிலிருந்து புதுத் தென்னை விளக்குமாறு ஒன்றை எடுத்து, ஈர்க்குகளைப் பிரித்து, இருபது இருபதாக இன்சுலேஷன் டேப்பால் சுற்றினார். "இந்தா. இனிமே ஒத்திகைக்குக் குச்சி கெடையாது. இதான்."

"அண்ணே! எங்கப்பா என்னைய எதெதாலயோ அடிச்சிருக்காரு. வெளக்கமாத்தால அடிச்சதில்லண்ணே."

"நாலு சுவத்துக்குள்ளதானடா. வெளிய யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்" என்றார் வாசலில் நின்ற சிக்கந்தர் பாய்.

அப்போது நல்லகாமனின் போன் அடித்தது. முனீஸ்வரி. அவள் கேட்டது அறைக்கே கேட்டது. "வாசக் கூட்ட வாங்குன புது வெளக்கமாறு எங்க?"

"சவுண்ட் வேலையா எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார். மறுமுனையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

முந்நூறு வாட்ஸ் பெட்டி ஒன்றே ஒன்றைத்தான் கொண்டு வந்திருந்தார். பாயின் கடையிலிருந்து நான்கு ஸ்டூல்களை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, அதன்மேல் பெட்டியைச் சரண்யாதேவியின் முகத்துக்கு நேரே, காது உயரத்தில் வைத்தார். மைக் அவளைப் பார்க்க, மைக்கின் முதுகு பெட்டியைப் பார்த்தது. ஒரு விரற்கடை திருப்பினார். இன்னொரு விரற்கடை. பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாகப் பாடுகிறவள் நிற்கும் இடத்தில் தானே நின்று, "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்றார். தன் குரல் இவ்வளவு கரகரப்பு என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

பாட்டு ஆரம்பித்தது. டிரம்ஸ், யாரோ அடுத்த வீட்டு வாசலைத் தாளத்தோடு பெருக்குவதுபோல் ஒலித்தது. சரண்யாதேவி முதல் அடியைப் பாடினாள். இரண்டாவது அடியில் சட்டென்று நிறுத்தினாள். அருண்பாண்டியின் விரல்கள் நின்றன. நல்லகாமன் மனதுக்குள் நடுச்சுவர் ஃப்ளெக்ஸைச் சுருட்டத் தொடங்கினார்.

"அண்ணே, அந்த எடத்துல, சொல்லுக்கு நடுவுல, நான் மூச்சு வாங்குறேன். கேட்டீங்களா?"

"கேட்டுச்சே."

"எனக்கும் கேட்டுச்சு." அவள் மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா எப்படிப் பாடிருக்கேன் பாருங்க. நான் எங்கயும் போகலண்ணே. ஆனா சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறைங்க."

நல்லகாமன் குமிழருகே கையைக் கொண்டுபோனார். எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்று அவர் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.