பரிந்து பேசப் போன உபதேசியார்

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் மாசிலாமணி உபதேசியாரின் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். வரிசை வீடுகளான லயத்தில் அவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்தால் யாருக்குத்தான் ஆகாது? கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து வேதக்கோயிலில் பேசவேண்டியதை எல்லாம் முதலில் என் சுவரோடுதான் பேசிப் பார்ப்பார்.

கண்டியில் நடந்த ஏதோ பயிற்சிக்குப் போனவர் ஒரு கிரேக்கச் சொல்லோடு திரும்பி வந்தார். பாராக்லேத்தோஸ். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் அது தமிழில் தேற்றரவாளன். அதே யோவான் எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், அதே சொல் பரிந்து பேசுகிறவர். மூலத்தில், பக்கத்தில் வந்து நிற்கக் கூப்பிடப்பட்டவர் என்று பொருளாம். வழக்குக்குத் துணையாகக் கூட்டிப்போகிற ஆளையும் கிரேக்கர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். கல்யாணமோ கருமாதியோ, மனுஷன் அந்தச் சொல்லை விடமாட்டார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அது பிரஜாவுரிமை விசாரணைக் காலம். நாற்பத்தெட்டில் இலங்கையில் வந்த சட்டம் தோட்டத்து ஆட்களான எங்களை எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் ஆக்கியிருந்தது. மனுப் போட்டவர்களை நுவரெலியாவுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணுவுக்கும் அழைப்பு வந்தது. புருஷன் இல்லாதவள். மனு தள்ளுபடியானால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்களே என்று நடுங்கினாள். அக்கரையில் அவளுக்கு ஒரு நாதியும் கிடையாது.

"உபதேசியாரே, நீங்க கூட வாங்க. பேசத் தெரிஞ்ச ஆளு பக்கத்துல நின்னா எனக்குத் தெம்பா இருக்கும்" என்றாள். அவருக்கு வாயெல்லாம் பல். கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்கும் அன்றைக்கே விசாரணை என்பதால் பின் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

அதிகாரி கேட்டார்: "உன் ஊர் எது?"

"துறையூருங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

எனக்குத் திக்கென்றது. எங்கள் ஆட்களிடம் ஊர் கேட்டால், தாத்தன் புறப்பட்டு வந்த ஊரைத்தான் சொல்வோம். சம்பந்தம் பேசும்போதுகூட அதைத்தான் சொல்வது. பிறந்த லயத்தை ஊர் என்று யாரும் சொல்வதில்லை. துறையூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

மாசிலாமணி முன்னால் போனார். "ஐயா, இந்தம்மா இங்கயே பொறந்தவங்க."

"நீ யார்? எந்த ஊர்?"

"மாசிலாமணிங்க. சாயர்புரம்."

அதிகாரி சிரித்துவிட்டார். "இந்தியாக்காரிக்கு இந்தியாக்காரன் சாட்சியா?" அதன்பிறகு உபதேசியார் எவ்வளவோ விளக்கினார், கேட்க ஆளில்லை. மனு தள்ளுபடி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உபதேசியாரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மாக்கண்ணு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அழுவாதீங்க உபதேசியாரே. அடுத்த மாசம் ஒங்க வெசாரணைதானே? நீங்க பொறந்தப்ப தொப்புக்கொடி அறுத்தது எங்க ஆத்தா. வெளக்குப் புடிச்சுக்கிட்டு நின்னது நானு. வந்து சொல்றேன்."

வந்து சொன்னாள். மாசிலாமணிக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அவளுக்குச் சாகிறவரை கிடைக்கவில்லை.