சுவருக்கு அந்தப் பக்கம் காய்த்த பூசணி

அவளைத் தெருவில் எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் எடுப்பாக இருந்ததால் வந்த பட்டமல்ல. பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்வது அவள் வேலை. டாக்டர் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அவள் அதில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் எடுத்து, அதன்மேல் மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். தெருவில் யாராவது பெரியவர் வாய்விட்டுச் சிரித்தால் ஒரு கணம் நின்று பார்ப்பாள். தன் சந்தோஷத்தில் பங்குகொள்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். அவள் பார்ப்பது மேல்வரிசை ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று.

அவள் வீடும் அவள் அண்ணன் வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. அப்பாவுக்குப் பிறகு நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. குறை வந்தது அம்மா போனபோது. அம்மா கடைசி வருடங்களில் அண்ணன் வீட்டில்தான் படுக்கையாக இருந்தாள். அவள் போன மறுவாரமே அண்ணன் அந்தக் கட்டிலைக் கழற்றி, ஒரு முதியோர் விடுதிக்கு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்த பல்லக்கா, அந்த வெறும் அறையைப் பார்த்ததும் நேரே அண்ணனிடம் போனாள்.

"அப்படி என்ன அவசரம் உனக்கு? ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கூடவே இருந்து பார்த்துக்கிட்டவன் நான். எதை எப்போ செய்யணும்னு எனக்குத் தெரியும்."

பேச்சுக்குப் பேச்சு தடித்து, அன்றோடு பேச்சே நின்றது. அண்ணி மட்டும் துணி காயப்போடும்போது சுவருக்கு மேல் தலையை நீட்டி, "நல்லா இருக்கியாம்மா?" என்பாள். "இருக்கேன் அண்ணி" என்பாள் இவள். அதோடு சரி. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

பல்லக்காவுக்குச் செடி கொடி வளர்ப்பதில் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ஒருமுறை சந்தையில் வாங்கிய மஞ்சள் பூசணி அத்தனை இனிப்பாக இருந்ததால், விதையைக் குப்பையில் போட மனம் வராமல் கொல்லையில் ஊன்றினாள். கொடி ஓடிப் படர்ந்து, தலையணை பருமனில் காய்களை வைத்தது. நிறம் திரும்பியதுதான் தாமதம், காம்பைத் திருகி எல்லாவற்றையும் பறித்து வரிசையாக அடுக்கிவிட்டாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள், அண்ணன் வீடு தவிர.

அவள் கணவர் அச்சகத்தில் வேலை செய்பவர். சாப்பாட்டில் குறை சொல்லியே பழக்கமில்லாத மனிதர். முதல் துண்டை வாயில் போட்டுவிட்டு வெகுநேரம் மென்றார்.

"எப்படி இருக்கு?"

"தண்ணியை மெல்லற மாதிரி இருக்கு."

மீதிக் காய்கள் ஒவ்வொன்றாகக் காம்புப் பக்கம் பூசணம் பிடித்து உள்ளுக்குள் குழைந்தன. கணவர் அவற்றை வாளியில் வாரிப்போடும்போது, "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கல" என்று முணுமுணுத்தார். அவளுக்குச் சுருக்கென்றது. மாவு இறுகுவதற்கு முன்னால் அச்சைப் பிரிக்கிற புதுப் பெண்களை அவளே எத்தனை முறை திட்டியிருக்கிறாள்!

அடுத்த வருடம் மறுபடி விதை ஊன்றிவிட்டு, காய்கறிக் கடைக்காரியிடம் பேச்சுக் கொடுத்துக் கேட்டாள். "நிறத்தை நம்பாதீங்க. காம்பைப் பாருங்க. அது பச்சையா இருந்தா காய் இன்னும் கொடிகிட்ட பால் குடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்" என்றாள் கடைக்காரி. பல்லக்கா அந்த வருடம் ஒவ்வொரு மாலையும் கொடியருகே குந்திக் கவனித்தாள். தோலின் மினுமினுப்பு மெல்ல மங்கி, மாவு பூசினாற்போல் ஆனது. தரையில் பட்டிருந்த அடிப்பக்கம் வெளிறிக் கிடந்தது, பிறகு வெயில் பட்ட மஞ்சளாக மாறியது. நகத்தை அழுத்தினால் முதலில் பிறை போலப் பதிந்த இடத்தில், பிறகு நகம்தான் வலித்தது. காம்பு நார்நாராக வெடித்து, காய்ந்த சுள்ளியானது.

அந்தச் சமயத்தில்தான் கொடியின் ஒரு கிளை அவளைக் கேட்காமல் சுவரேறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. மற்றவற்றுக்குப் பிந்தி, அங்கே ஒரு காய் பிடித்திருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுவர் விளிம்பில் இழுபட்டு விறைத்து நின்ற தண்டு மட்டும். காய் பெருக்கப் பெருக்க, கனம் தாங்காமல் என்றைக்கோ அறுந்து விழப்போகிறது என்று நினைத்தாள். அல்லது அண்ணன் அறுத்தெறிவார். அவர் பக்கம் வந்தது, அவர் உரிமை.

ஒருநாள் துவைத்த துணியை உதறும்போது பார்த்தாள். தண்டின் விறைப்பு தளர்ந்து, லேசாகத் தொய்ந்திருந்தது. அறுத்துவிட்டார் போலிருக்கிறதே என்று முக்காலியைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள்.

காய் அங்கேயே இருந்தது. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, காய்க்கு அடியில் தொட்டில் போலக் கொடுத்து, நான்கு முனைகளையும் கயிற்றில் பிணைத்து, சுவரில் அடித்த கொக்கியில் தொங்கவிட்டிருந்தது. ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த முடிச்சை வேறு யாராலும் போட்டிருக்க முடியாது.

பல்லக்கா முக்காலியிலிருந்து இறங்கி, அதன்மேலேயே உட்கார்ந்தாள். அன்று சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

தன் பக்கத்துக் காய்களை அவள் கத்தியால், ஒரு சாண் காம்பு விட்டு அறுத்து எடுத்தாள். அந்த வாரமே பெருமழை வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். நனைந்தால் காய் அழுகும். அந்தப் பக்கத்துக் காயைப் பறிக்கலாமா, விடலாமா? காம்பைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? சுவர் ஓரமாக நின்று குரல் கொடுத்தாள்.

"அண்ணி! அந்தக் காயோட காம்பு எப்படி இருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

அண்ணியின் குரல் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு கரகரப்பு கேட்டது.

"பாதி காஞ்சிருக்கு. பாதி பச்சை."

அத்தனை வருடம் கழித்து அவளோடு பேசிய அண்ணன் குரல். ஆனால் அவள் காது வேறொன்றையும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே 'டக்' என்று ஒரு சத்தம். 'பச்சை' என்பதில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. பல்செட்! அதுவும் கீழ்ச்செட் ஆடுகிறது.

"நகம் இறங்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"கொஞ்சம் இறங்குது. மழை வருதுங்கறாங்க. அறுத்துடவா?"

"அறுக்காதே. இன்னும் ஆகல."

"நனைஞ்சு போச்சுன்னா?"

"நனையாம பார்த்துக்க முடியாதா உன்னால?"

அந்தப் பக்கம் ஏணி இழுபடும் சத்தமும் தார்ப்பாய் விரிக்கும் சத்தமும் கேட்டன. மழை மூன்று நாள் ஊற்றியது. ஓயும்போதெல்லாம் அண்ணன் குடையுடன் வெளியே வந்து தார்ப்பாயில் தேங்கிய நீரைத் தட்டிவிட்டதை அண்ணி பின்னால் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாலும் மறைச்சிடலாம். உங்க அண்ணன் மனசுல இருக்கறதை மறைக்கத் தெரியாது."

வானம் வெளுத்தபின் தினமும் சுவர் வழியே நிலவரம் வந்தது. காம்பு முக்கால் காய்ந்துவிட்டது. மினுமினுப்பு போய்விட்டது. ஒரு காலை, "நகம் இறங்கல. என் நகம்தான் உடையுது" என்றார் அண்ணன். பல்லக்கா கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு, தெருவைச் சுற்றி நடந்து, அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். அண்ணி கதவை அகலத் திறந்தாள்.

அம்மா படுத்திருந்த அறையைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போக வேண்டும். அறை இன்னும் வெறுமையாகவே இருந்தது. ஒரு நாற்காலிகூட இல்லை. பல்லக்கா நின்றுவிட்டாள்.

"இங்க ஒண்ணுமே போடலையா?"

"எதைப் போட்டாலும் கட்டில் மாதிரியே தெரியுது" என்றார் அண்ணன், அவளைப் பார்க்காமல். "காலைல எழுந்ததும் கால் தானா இங்க வந்து நின்னுடும், மருந்து குடுக்க. கட்டில் இருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன். அதான் அனுப்பிட்டேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"அன்னைக்கு வாயில வரலையே."

பல்லக்கா துணியிலிருந்து கத்தியைப் பிரித்தெடுத்தாள். கொல்லைக்குப் போனாள். காம்பைத் தடவிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், அறுத்தாள். காய் தொட்டிலில் கனமாக அமர்ந்தது.

"காம்பைப் பிடிச்சுத் தூக்காதே அண்ணா, ஒடிஞ்சா அழுகிடும்."

"யாருக்குத் தூக்கச் சொல்லித் தர்ற? கப்பலையே தூக்கினவன் நான்."

"சரக்கைத்தானே தூக்கினீங்க?" என்றாள் அண்ணி.

காயை அண்ணன் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல், காற்றும் கதகதப்பும் படும்படி வைத்தார்கள். உடனே வெட்டக் கூடாது என்று பல்லக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இருக்க இருக்கத்தான் இனிப்பு ஏறும். அதைச் சாக்கிட்டு அண்ணி வாரம் ஒருமுறை, "வந்து பார்த்துட்டுப் போயேன்" என்று கூப்பிட்டாள். இவளும் போனாள். காயைப் பார்ப்பது ஒரு நிமிடம், காப்பி ஒரு மணி நேரம்.

வெட்டிய அன்று பல்லக்காவின் கணவரும் வந்திருந்தார். உள்ளே ஆரஞ்சு நிறம் கண்ணைப் பறித்தது. ஆவியில் வேகவைத்து, உப்பும் மிளகும் மட்டும் தூவி அண்ணி தட்டுகளில் போட்டாள். ஒரு வாய் போட்டதும் அச்சகக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். போன வருடத்துக்கும் சேர்த்து மன்னித்துவிட்டது போல இருந்தது அவர் முகம்.

அண்ணன் மட்டும் தட்டைத் தொடவில்லை. பிறகு பக்கவாட்டில் திரும்பி, பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டு, ஈறால் மசித்துச் சாப்பிட ஆரம்பித்தார். கன்னம் ஒட்டி, திடீரென்று பத்து வயது கூடிவிட்டவராகத் தெரிந்தார்.

"அதை இப்படிக் கொடு" என்றாள் பல்லக்கா.

"சாப்பிடறப்போ எதுக்கு?"

"கொடுன்னா கொடு."

வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "எந்தப் புண்ணியவான் செஞ்சது?"

"ரெண்டு ஊர் தாண்டிப் போய்ச் செஞ்சேன்." தட்டைப் பார்த்தபடி, "பக்கத்துல செஞ்சா உன் கைக்குத்தானே வரும்" என்றார்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரித்தது அண்ணன்தான், பல்லில்லாத வாயால். பல்லக்கா சிரிக்கவில்லை. அவர் முகவாயைப் பிடித்து, "வாயைத் திற" என்றாள். ஈறின் ஓரத்தில் சிவந்து புண்ணாகிக் கிடந்தது. இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா இந்த மனிதர் மென்றார்? அவள் கண் கலங்கியது. "நாளைக்கு டாக்டர்கிட்ட வா. முதல்ல புண் ஆறட்டும். அதுக்கு அப்புறம் அச்சு" என்றாள்.

புதுச் செட்டுக்கு அவள் வழக்கத்தைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டாள். மெழுகில் மூன்று முறை பற்களைப் பிடுங்கி நட்டாள். அண்ணன், "பாலம் கட்டறியா, பல் கட்டறியா?" என்று அலுத்துக்கொண்டார். மாட்டிவிட்ட நாளில் கண்ணாடியைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "பரவாயில்லை." அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்று அவளுக்குத் தெரியும்.

அவர்கள் இப்போதும் சண்டை போடுகிறார்கள். அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இருவர் குரலும் ஏறும், பிறகு இறங்கும். போன மாதம் அண்ணன் சுவரில் ஓரிடத்தைத் தட்டிக் காட்டி, "இங்க ஒரு கதவு வெச்சிடலாமா?" என்று கேட்டார்.

பல்லக்கா யோசித்தாள். "இப்போ வேணாம். காம்பு இன்னும் பாதி பச்சை."

"பின்ன எப்போ?"

"தெரியலை. அதுவரைக்கும் தெரு வழியா நடந்து வா. உடம்புக்கு நல்லது."