முழுங்கிட்டுப் பேசுங்க

ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் மைக்கல்ராஜ் லாரி ஓட்டிய காலத்தில், அவர் வாய் ஓய்ந்தால் லாரியும் நின்றுவிடும் என்பார்கள். செம்பனைக் குலைகளோடு மேடேறும்போது என்ஜின் முக்கி முனகுமாம். அவர் ஒரு கதையை எடுத்துவிட்டால் போதும், சிரித்துக்கொண்டே ஏறிவிடுமாம். நம்பாதவர்கள் அந்த லாரியைத்தான் கேட்க வேண்டும். அது துருப்பிடித்துப் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது.

அப்பேர்ப்பட்ட வாயைத்தான் அவர் மனைவி ஃபிளோரா இப்போது வேளாவேளைக்கு அடக்க வேண்டியிருக்கிறது.

பக்கவாதம் வலக்கையை முடக்கியதோடு நிற்காமல் தொண்டைக்குள்ளும் இறங்கிவிட்டது. சோறு போகிற வழியும் மூச்சு போகிற வழியும் பிரிகிற இடத்தில் காவல்காரன் தூங்கிப்போனான். வெறும் தண்ணீர்கூட நுரையீரல் பக்கம் திரும்பிவிடும். ஒருமுறை அப்படித் திரும்பி, காய்ச்சல் கண்டு, மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, விழுங்கும் பயிற்சி கொடுக்க வீட்டுக்கே வரும் டான்யா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஆன்ட்டி, வாயில சாப்பாடு இருக்கிறப்ப அங்கிள் பேசவே கூடாது. இன்னொரு தடவ நெஞ்சுல எறங்குச்சுன்னா திரும்பவும் டியூப்தான்."

அன்றிலிருந்து ஃபிளோராவின் பொழுது கரண்டி நுனியிலேயே கழிகிறது. அவரை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். தேத்தண்ணி நுரையீரலுக்கு ஓடாமல் இருக்க, கெட்டியாக்கும் மாவைக் கலக்கிக் கூழாக்க வேண்டும். "தாடைய எறக்குங்க. முழுங்குங்க. இன்னொருக்கா முழுங்குங்க. ஆ சொல்லுங்க." அந்த 'ஆ' கொழகொழத்தால் தொண்டையில் ஏதோ தங்கிவிட்டது என்று அர்த்தம். இருமச் சொல்லி, மறுபடி விழுங்கச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை விழுங்க அவருக்குத் தானாகத் தோன்றியதே இல்லை. ஒரு கிண்ணம் காலியாவதற்குள் முன்வாசல் வெயில் பின்வாசலுக்குப் போய்விடும், அவள் தட்டுச் சோறு காய்ந்து விறைத்துவிடும். ஒருநாள் ஜெபமாலை உருட்டும்போது மாதாவிடமே "முழுங்குங்க" என்று சொல்லிவிட்டாள். மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஞாயிறு மதியம் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சன்னாசி. அந்த லாரியில் அவருக்கு உதவியாளாக இருந்து குலை ஏற்றிய கெலிண்டான், இப்போது புக்கிட் பெலண்டோக்கில் மகன் வீட்டோடு இருக்கிறான்.

"என்னாண்ணே, பச்சப்புள்ள சாப்பாடு சாப்புடுறீங்க? ரொட்டி சானாய் வாங்கியாந்தேன்லா. அண்ணி, ஒரு துண்டு குழம்புல ஊறவச்சுக் குடுங்க."

"குடுக்குறேன். அப்புறம் ஆஸ்பத்திரியில நீ வந்து டியூப்பப் புடிச்சுக்கிட்டு நில்லு."

சன்னாசி பொட்டலத்தை அவளிடமே நீட்டிவிட்டு உட்கார்ந்தான். ஆனால் சும்மா இருக்க அவனுக்கும் தெரியாது. அவள் ஒரு கரண்டி பூசணிக்காய்க் குழைசோற்றை அவர் வாயில் வைத்த நேரம் பார்த்து ஆரம்பித்தான்.

"அண்ணி, ரப்பர் காட்டுல லாரிய மறிச்சுக்கிட்டு ஒரு புலி நின்னுச்சே, ஞாபகமிருக்கா? அண்ணன் சீட்டுக்கு அடியில பூந்துக்கிட்டாரு பாருங்க..."

மைக்கல்ராஜின் கண் சிவந்தது. உதடு பிரிந்தது, ஓரத்தில் பூசணிக்காய் எட்டிப் பார்த்தது. இப்போது ஒரு வார்த்தை வந்தால் அத்தனையும் நெஞ்சுக்குள் போகும், மறுபடியும் குழாய். ஃபிளோராவின் கை அவர் தாடைக்குப் போயிற்று.

அவள் 'முழுங்குங்க' என்பதற்குள் அவர் சன்னாசியை முறைத்தபடியே தாடையை இறக்கினார். தொண்டை மணி ஏறி இறங்கியது. யாரும் சொல்லாமலே இன்னொரு முறை ஏறி இறங்கியது.

"மூணு" என்றார். கொழகொழப்பில்லாத குரல். "மூணு புலிடா. சீட்டுக்கு அடியில... நீ."

"ரெண்டுன்னு வச்சுக்குவோம்லாண்ணே."

மறுத்துப் பேச அவருக்கு அவசரம்; சோற்றை முடித்தால்தான் அவள் பேச விடுவாள். தானே வாயைத் திறந்து அடுத்த கரண்டியைக் கேட்டார்.

"ரெண்டு தடவ முழுங்கினாத்தான் அடுத்த புலி" என்றாள் ஃபிளோரா.

கிண்ணம் காலியானது. சாப்பிட்டதும் சாய்க்கக் கூடாது, கொஞ்ச நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். புலிகள் நாலாகி ஐந்தாயின. அவள் சுவரில் சாய்ந்து, ஆறிப்போன ரொட்டி சானாயைப் பிய்த்து மென்றாள். எத்தனையோ தடவை கேட்டுக் காது புளித்த கதை. கண் சொருகியது.

சன்னாசி கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"நாளைக்கும் சோத்து நேரத்துக்கு வா சன்னாசி. கதைய இப்படியே தப்பாச் சொல்லு."

"நான் நடந்ததத்தானே அண்ணி சொன்னேன்?"

"தெரியும்லா" என்று சொல்லிவிட்டு, சாயங்காலத் தேத்தண்ணிக்கு மாவைக் கலக்க உள்ளே போனாள்.